கொல்லிமலை மண்ணும் பம்பாய்ச் சூதாட்டமும்

ஆலை மூடிக் கிடக்கிறது. உலை அணைந்துவிட்டது. மலையில் மண் வெட்டும் வேலை நின்றுபோயிற்று. லாரிகள் ஓடவில்லை. இப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் பங்குகளை யாராவது காசு கொடுத்து வாங்க வருவார்களா?

வந்தார்கள். வெளியார் அல்ல, அந்த ஆலையை மூடியவர்களே வந்தார்கள்.

மேட்டூரில் இருந்த மதராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது ஊர் மக்கள் 'மால்கோ' என்று அழைக்கும் கம்பெனி, 2008 நவம்பரில் தன் அலுமினிய உலையை நிறுத்தியது. அதன் தாய்க் கம்பெனி லண்டனில் பதிவு செய்துகொண்ட வேதாந்தா. அப்போது மால்கோவின் பங்குகளில் 80 சதவீதம் வேதாந்தாவின் கையில் இருந்தது. மிச்சம் 20 சதவீதம் நாடெங்கும் சிதறிக் கிடந்தது. 2009இல் வேதாந்தா அந்த மிச்சப் பங்குகளையும் வாங்கிச் சேர்த்தது. அதன் பங்கு 93 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டில் மால்கோவின் பெயர் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

இந்தக் கொள்முதல் பகிரங்கமாக, சட்டப்படி நடந்தது. களவு என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது ஒரே கேள்விதான்: நஷ்டம் என்று சொல்லி உலையை அணைத்தவன், அந்த நஷ்டக் கம்பெனியின் காகிதத்தை ஏன் தேடித் தேடி வாங்குகிறான்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் கொல்லிமலையும் தெரியும், மேட்டூரும் தெரியும், பம்பாய்ப் பங்குச் சந்தையும் தெரியும். நம்முடைய சேமநிதிப் பணம் எங்கே போகிறது என்பதும் தெரியும்.

மண் எங்கிருந்து வந்தது?

நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளிகள். சாமையும் ராகியும் தினையும் விதைக்கிறவர்கள். மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்புகிறவர்கள். மிளகும் காப்பியும் பலாவும் விளைவித்து, விலையை மட்டும் கீழ்நாட்டு வியாபாரியின் வாயிலிருந்து கேட்டுக்கொள்கிறவர்கள்.

அந்த மலையின் தலையில் தொப்பி வைத்தாற்போல் செம்மண் நிறத்தில் ஒரு தாது கிடக்கிறது. அதுதான் பாக்சைட். ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா மாவு கிடைக்கும். அந்த இரண்டு டன் மாவிலிருந்து ஒரு டன் அலுமினியம் கிடைக்கும். மாவை உலோகமாக்கும் உலை மின்சாரத்தைத் தண்ணீராகக் குடிக்கும். ஒரு டன் உலோகத்துக்குப் பதினாலாயிரம் யூனிட்டுக்கு மேல் வேண்டும்.

அதனால்தான் ஆலை மேட்டூரில் வந்தது. அணையின் மின்சாரம் பக்கத்தில். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் தாது. 1960இல் கம்பெனி தொடங்கப்பட்டது. இத்தாலியக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்தோடு 1965இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. மின்சாரச் சிக்கலில் ஆலை 1991இல் நின்றது. 1995இல் ஸ்டெர்லைட் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. ஸ்டெர்லைட்டின் முதலாளிகள்தான் பின்னால் 2003இல் லண்டன் சந்தையில் வேதாந்தா என்ற பெயரோடு நின்றார்கள்.

மலை மக்கள் கண்டது என்ன? மண் போவதைக் கண்டார்கள். லாரி போவதைக் கண்டார்கள். கூலிக்குச் சிலர் போனார்கள். அதற்கு மேல் அந்த மண்ணின் கதை அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் வெட்டுகிறார்கள் என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பிறகுதான் நாட்டுக்கே விஷயம் தெரிந்தது. 2008இல் மலையில் வெட்டு நின்றது. அதே ஆண்டு உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்தது. ஜூலையில் டன் மூவாயிரம் டாலருக்கு மேல் விற்ற உலோகம், அடுத்த பிப்ரவரிக்குள் பாதிக்கும் கீழே போயிற்று. மேட்டூர் உலை அணைந்தது.

பலாப்பழக் கணக்கு

இனிப் பங்குச் சந்தைக்கு வருவோம். ஆங்கிலப் பத்திரிகைகள் இதைப் பெரிய சாஸ்திரம் போல எழுதும். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்றவனுக்கு இது ஐந்து நிமிஷத்தில் விளங்கும்.

சந்தைக்கு ஆயிரம் பழம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் விற்கிறார்கள், இருநூறு பேர் வாங்குகிறார்கள். ஒரு வியாபாரி நினைத்தால் விலையை ஏற்றிவிட முடியாது. ஆனால் வருவது பத்தே பழம் என்றால்? வியாபாரி ஒரு பழத்தை ஐம்பது ரூபாய்க்கு வாங்கித் தன் மைத்துனனுக்கு எண்பதுக்கு விற்கிறான். மைத்துனன் மாமனுக்கு நூற்றிருபதுக்கு விற்கிறான். மாமன் மறுபடி வியாபாரிக்கே இருநூறுக்கு விற்கிறான். பழம் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. பணமும் போகவில்லை. ஆனால் சந்தைப் பலகையில் விலை இருநூறு என்று எழுதியாயிற்று. அதைப் பார்த்து, "நாளைக்கு முந்நூறாகும்" என்று நம்பி ஓடி வருகிறான் ஒரு பள்ளி ஆசிரியன் அல்லது ஒரு குமாஸ்தா. அவன் இருநூறு கொடுக்கிறான். குடும்பம் கலைந்து வீட்டுக்குப் போகிறது. அழுகும் பழம் குமாஸ்தாவின் கையில்.

பெரும்பங்கை முதலாளியே பூட்டி வைத்துக்கொண்டு, சொற்பப் பங்குகள் மட்டும் கைமாறும் கம்பெனிகள் இந்தப் பத்துப் பழச் சந்தையைப் போன்றவை. சுரங்கக் கம்பெனி என்றால் இன்னும் வசதி. மண்ணுக்குள் எவ்வளவு தாது இருக்கிறது, குத்தகை புதுப்பிக்கப்படுமா, அனுமதி வருமா வராதா என்பதெல்லாம் நிர்வாகத்துக்கும் கோட்டையில் சில அதிகாரிகளுக்கும் மட்டுமே முன்கூட்டித் தெரியும். வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. மலையின்மேல் இருப்பவனுக்கும் தெரியாது.

ஆகவே இத்தகைய பங்கில் கொள்முதல் வழக்கத்துக்கு மாறாக நடந்தால் சில அடையாளங்கள் இருக்கும். முக்கியமான அறிவிப்புக்குச் சில நாள் முன்னதாகத் திடீரென்று வாங்குவோர் பெருகுவார்கள். ஒரே கோஷ்டித் தரகர்கள் வாங்குகிற பக்கத்திலும் விற்கிற பக்கத்திலும் இருப்பார்கள். சந்தை மூடுகிற கடைசி நேரத்தில் விலையைத் தூக்கி நிறுத்துவார்கள். ஒருவர் ஐந்து சதவீதத்துக்கு மேல் சேர்த்தால் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று சட்டம் இருப்பதால், நாலு நாலாகப் பல பெயர்களில் பிரித்து வாங்குவார்கள். இந்த அடையாளங்கள் எல்லாம் குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிடா. ஆனால் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லும் அடையாளங்கள்.

1998இல் நடந்தது

கண்ணைத் திறந்து பார்த்த சம்பவம் ஒன்று உண்டு. அது மால்கோவின் முதலாளி வீட்டிலேயே நடந்தது.

1998இல் ஸ்டெர்லைட், இந்தியன் அலுமினியம் கம்பெனியைக் கைப்பற்றப் பங்குகளை வாங்க முன்வந்தது. அந்தக் கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருந்த கனடாவின் ஆல்கன் எதிர் விலை கூறியது. இரண்டு யானைகள் மோதிக்கொண்டன. அதே ஆண்டில் ஸ்டெர்லைட், பி.பி.எல்., வீடியோகான் ஆகிய மூன்று கம்பெனிகளின் பங்கு விலைகள் செயற்கையாக ஏற்றப்பட்டதாகப் புகார் கிளம்பியது. அதில் அடிபட்ட பெயர் நமக்குப் பழக்கமான பெயர்: 1992 பங்குச் சந்தை ஊழலின் நாயகன் ஹர்ஷத் மேத்தா.

பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியமான செபி விசாரித்தது. 2001 ஏப்ரலில் உத்தரவு போட்டது: ஸ்டெர்லைட் இரண்டு ஆண்டுகளுக்கு மூலதனச் சந்தைக்குள் வரக்கூடாது. ஸ்டெர்லைட் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2001 அக்டோபர் 22இல், போதிய சாட்சியம் இல்லை என்று தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. செபி பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. கிரிமினல் புகாரும் தொடுக்கப்பட்டிருந்தது. அதில் ஸ்டெர்லைட்டோடு, மால்கோவின் அன்றைய நிதி அதிகாரியும் சேர்க்கப்பட்டிருந்தார். அந்த நடவடிக்கைக்கு உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

தீர்ப்பாயத்துக்கு மேல் ஒரு தீர்ப்பு எழுத நாம் வரவில்லை. சாட்சியம் போதவில்லை என்றால் போதவில்லைதான். ஆனால் இன்னொரு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செபி உத்தரவு 2001 ஏப்ரலில். அதற்கு ஒரு மாதம் முன்பு, 2001 மார்ச்சில், வாஜ்பாய் சர்க்கார் பொதுத்துறை அலுமினியக் கம்பெனியான பால்கோவின் 51 சதவீதத்தை 551 கோடியே 50 லட்ச ரூபாய்க்கு யாருக்கு விற்றது? இதே ஸ்டெர்லைட்டுக்கு! சர்க்காரின் ஒரு கை விசாரித்துக் கொண்டிருந்த கம்பெனிக்கு, சர்க்காரின் மறு கை மக்கள் சொத்தைத் தூக்கிக் கொடுத்தது. கோர்பாவில் பால்கோ தொழிலாளர்கள் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாச் சங்கங்களும் ஒன்றாக நின்றன. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இது பொருளாதாரக் கொள்கை விஷயம் என்று சொல்லி விற்பனையை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே இந்துஸ்தான் ஸிங்க்கும் அதே கைக்குப் போயிற்று.

செபியின் விசாரணையிலும் தீர்ப்பாயத்தின் விசாரணையிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: பங்கு வைத்திருந்த ஒருவனை, பங்கு வைத்திருந்த மற்றொருவன் ஏமாற்றினானா? அந்தப் பங்குக்கு மதிப்பு வந்தது யார் வேர்வையால், யார் மண்ணால் என்ற கேள்விக்கு அந்த அறைகளில் இடமே கிடையாது. திருட்டு மாட்டைப் பங்கு போடும்போது கணக்குத் தவறினால் விசாரிக்க ஆள் உண்டு. மாடு யாருடையது என்று கேட்க ஆள் இல்லை!

பெட்டிக்குள் இருந்தது என்ன?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். அணைந்த உலையின் காகிதத்தை ஏன் வாங்கினார்கள்?

மால்கோ என்ற பெட்டியைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். அதற்குள் மேட்டூர் உலை மட்டும் இல்லை. நிலக்கரியில் ஓடும் மின் நிலையம் இருந்தது. உலை அணைந்த பின்னும் அதன் மின்சாரத்தை விற்கலாம், விற்றார்கள். அதற்கும் மேலாக, ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெரிய கம்பெனியின் பங்குகளில் சுமார் மூன்றரை சதவீதம் மால்கோவின் பெயரில் கிடந்தது. நூற்றுக்கு மூன்றரை என்றால் சொற்பமாகத் தோன்றும். ஆனால் அது தாமிரமும் துத்தநாகமும் அலுமினியமும் சேர்ந்த பல ஆயிரம் கோடிக் கம்பெனி. அதில் மூன்றரை என்றால் பல நூறு கோடி ரூபாய்.

ஆக, தொழிலாளியிடம் பேசும்போது மால்கோ என்பது நஷ்டத்தில் ஓடும் உலை. பங்குக் காகிதத்தை வாங்கும்போது மால்கோ என்பது பல நூறு கோடி கிடக்கும் பெட்டி. ஒரே கம்பெனிக்கு இரண்டு கணக்கு. ஒன்று மேட்டூருக்கு, மற்றொன்று பம்பாய்க்கு.

2013இல் ஸ்டெர்லைட், கோவாவின் சேசா கோவா, மால்கோ எல்லாவற்றையும் ஒரே கம்பெனியாக இணைத்தார்கள். அதற்குத்தான் இன்று வேதாந்தா லிமிடெட் என்று பெயர். பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. மேட்டூர் உலைத் தொழிலாளியும் கொல்லிமலைக் கூலியாளும் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை.

"பங்கை விற்றவனுக்கு நல்ல விலை கிடைத்தது, யாருக்கு என்ன கஷ்டம்?" என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் கேட்கலாம். பங்கை விற்றவனுக்கு விலை கிடைத்தது உண்மைதான். அவன் கையெழுத்துப் போட்டால்தான் காகிதம் கைமாறும். அதனால் அவனிடம் கேட்டார்கள், விலை பேசினார்கள். பத்துப் பங்கு வைத்திருந்தவனின் சம்மதம் தேவைப்பட்டது. முப்பது வருஷம் உலைக்கு முன்னால் வெந்தவனின் சம்மதம் தேவைப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக மலையில் குடியிருந்தவனின் சம்மதமும் தேவைப்படவில்லை. இதுதான் கஷ்டம்.

எங்களிடம் ஒரு பங்குகூட இல்லையே!

ஸ்பின்னிங் மில் தொழிலாளி கேட்பார்: "இது பணக்காரன் வீட்டுச் சண்டை. என்னிடம் ஒரு பங்குகூட இல்லை. எனக்கென்ன?"

தோழரே, உங்களிடம் பங்கு இல்லை. ஆனால் உங்கள் பணம் அங்கே இருக்கிறது.

இது இன்று தொடங்கிய கதை அல்ல. 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசவுடைமை ஆயிற்று. மறு ஆண்டே, 1957 ஜூனில், அந்தக் கார்ப்பொரேஷனின் பணத்தில் சுமார் ஒரு கோடியே 24 லட்ச ரூபாய்க்கு, ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா சூதாடியின் ஆறு கம்பெனிகளின் பங்குகள் வாங்கப்பட்டன. நொடித்துக் கொண்டிருந்த கம்பெனிகளுக்கு ஏழை பாலிசிதாரனின் பணம்! பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் கிழித்தெறிந்தார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். நிதியமைச்சராக இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். அப்போதும் கேள்வி இதுதான்: இந்தப் பங்கை இந்த நேரத்தில் ஏன் வாங்கினார்கள்? யாருக்காக வாங்கினார்கள்?

2001இல் சந்தை சரிந்தபோது யூனிட் டிரஸ்டின் '64' திட்டம் முடங்கியது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் தங்கள் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் கதவு சாத்தப்பட்டது.

இன்று நேராக நம் மடிக்கே கை வந்துவிட்டது. 2015 ஆகஸ்ட் முதல் தொழிலாளர் சேமநிதியில் புதிதாகச் சேரும் பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்கு அனுப்பப்படுகிறது. முதலில் 5 சதவீதம் என்றார்கள். பிறகு 10 என்றார்கள். 2017இல் 15 ஆக்கினார்கள். மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று சேர்த்த காசு, மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த காசு, சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். எந்தக் கம்பெனியின் காகிதத்தில் அது போய்ச் சேருகிறது என்று நம்மை ஒருவரும் கேட்டதில்லை. சந்தைப் பலகையில் யார் விலையை எழுதுகிறார்கள் என்பது நமக்கு வேண்டாத விஷயமா?

வேறு சில தோழர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "பங்குச் சந்தையே சூதாட்டம். சூதாட்டத்தில் நேர்மை வேண்டும் என்று கேட்பது நம் வேலையா?" நியாயமான கேள்விதான். ஆனால் சுரண்டலே கூடாது என்கிற நாம், சுரண்டல் ஒழியும் வரை பாக்டரி இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று சொன்னோமா? எட்டு மணி நேர வேலை கேட்டோம். இயந்திரத்துக்கு வேலி கேட்டோம். ரேஷன் கடைத் தராசைச் சோதிக்கச் சொன்னோம். அதைப் போலவே, நம் மண்ணையும் நம் சேமிப்பையும் விழுங்கும் கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தையும் திறக்கச் சொல்கிறோம். புத்தகம் திறந்தால்தான் சூதாட்டம் யாருடைய செலவில் நடக்கிறது என்பது ஊருக்குத் தெரியும்.

மேட்டூரும் கொல்லிமலையும்

ஒரு கசப்பான உண்மையையும் ஒளிக்காமல் பேச வேண்டும். ஆலை ஓட வேண்டும் என்றால் மலையை வெட்ட வேண்டும். மலை மக்கள் வெட்டாதே என்கிறார்கள். தொழிலாளி வேலை வேண்டும் என்கிறான். "உன் சோற்றில் மண் போட்டது மலைக்காரனும் வழக்குப் போட்டவனும்" என்று முதலாளியின் ஆட்கள் தொழிலாளியின் காதில் ஓதுவார்கள். மலையில் போய், "உன் மலையைத் தின்றது ஆலைக்காரன்" என்று ஓதுவார்கள்.

இந்த வலையில் நாம் விழக்கூடாது. 2008இல் மலையில் வெட்டு நின்றது, மேட்டூரில் உலையும் அணைந்தது. யாருடைய முடிவால் அணைந்தது? மலையாளி மக்கள் கூடி அணைத்தார்களா? உலோக விலை விழுந்த மறுநிமிஷம், கணக்கைக் கூட்டிப் பார்த்துக் கம்பெனியே அணைத்தது. முறையான அனுமதி வாங்கி, மலை மக்களைக் கலந்து, வெட்டிய இடத்தை உடனுக்குடன் மூடி மரம் வைத்து நடத்தும் பொறுப்பு நிர்வாகத்துடையது. அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழித்துவிட்டு, அதன் விளைவைத் தொழிலாளியின் வயிற்றில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

மலை மக்களின் சம்மதம் என்றால் என்ன என்பதற்கு ஒரிசாவில் ஒரு சாட்சி உண்டு. அங்கே நியம்கிரி மலையின் பாக்சைட்டை எடுக்க இதே வேதாந்தா முயன்றது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்றது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. டோங்ரியா கோந்த் மக்கள் பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை தப்பியது.

கொல்லிமலையில் அப்படி யாரும் கேட்கவில்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆந்திரத்தில் அட்டவணைப் பகுதியில் தனியார் கம்பெனிக்குச் சுரங்கக் குத்தகை கொடுத்தது செல்லாது என்று 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு சாண் நிலம்கூட ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. கொல்லிமலை இல்லை, ஏற்காடு இல்லை, கல்வராயன் மலை இல்லை, ஜவ்வாது மலை இல்லை. ஆட்சிகள் மாறின, இந்த ஓட்டையை அடைக்க எந்த ஆட்சியும் முன்வரவில்லை.

என்ன கேட்கிறோம்?

ஒன்று. சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளை வாங்குகிறவர்களின் உண்மைப் பெயர், பினாமிப் பெயர் அல்ல, பகிரங்கமாக வேண்டும். நிர்வாகத்தின் ஆட்களும் அவர்களுடைய உறவினரும் எப்போது வாங்கினார்கள், எப்போது விற்றார்கள் என்ற கணக்கு, சுரங்கம் உள்ள ஊரின் கிராம சபையிலும் ஆலையின் தொழிற்சங்கத்திலும் தமிழில் வைக்கப்பட வேண்டும். பம்பாய்த் தரகனுக்குத் தெரிவது சோளக்காட்டு விவசாயிக்கும் தெரிய வேண்டும்.

இரண்டு. ஆலையை மூடுகிற கம்பெனி, தொழிலாளியின் பாக்கி முழுவதையும் தீர்க்கும் வரை, வெட்டிய மலையைச் சீர் செய்யும் வரை, தன் பங்குகளைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டு போக அனுமதிக்கக் கூடாது. பெட்டிக்குள் கிடக்கும் மற்றக் கம்பெனிப் பங்குகளும் இந்தக் கடனுக்கு ஈடாக வேண்டும்.

மூன்று. கொல்லிமலை முதலான தமிழகத்தின் பழங்குடி மலைகள் ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கப்பட வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மலை மக்களுக்குப் பட்டா வேண்டும். பாக்சைட் வெட்டிய இடங்களின் இன்றைய நிலை பற்றிய முழுக் கணக்கை சர்க்கார் மலையிலேயே, மக்கள் முன்னிலையில் படிக்க வேண்டும்.

நான்கு. தொழிலாளியின் சேமநிதியைப் பங்குச் சந்தைக்கு அனுப்புவது நிற்க வேண்டும்.

ஐந்து. நாட்டின் தாதுவளம் நாட்டுடையதாக வேண்டும். பொதுத்துறையில், கிராம சபையின் சம்மதத்தோடு மட்டும் எடுக்கப்பட வேண்டும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று மலைக்கிறவர்கள் இருக்கலாம். அவர்கள் மேலூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். 2024 நவம்பரில், மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலத்தில் இந்துஸ்தான் ஸிங்க்குக்குப் போயிற்று. ஒரு காலத்தில் நம்முடைய பொதுத்துறையாக இருந்து வேதாந்தாவின் கைக்குப் போன அதே இந்துஸ்தான் ஸிங்க்! அரிட்டாபட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் மக்கள் எழுந்தார்கள். விவசாயி வந்தான், வியாபாரி கடையை அடைத்தான், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. தூத்துக்குடியில் 2018 மே 22இல் ஸ்டெர்லைட்டை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள்மீது போலீஸ் சுட்டது. 13 உயிர்கள் போயின. அந்த ரத்தத்தை மறக்காத மக்கள்தான் மேலூரில் ஒரு துப்பாக்கி குண்டும் வெடிக்கும் முன்னே வென்றார்கள்.

பம்பாய்ச் சந்தையில் விலை ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. அங்கே விற்கப்படும் காகிதத்துக்கு அடியில் கிடக்கும் மண் நம்முடையது. அதை உலோகமாக்கும் உழைப்பும் நம்முடையது. மேட்டூர்த் தொழிலாளியும் கொல்லிமலை விவசாயியும் ஒரே மேடையில் நின்று, "கணக்கைக் காட்டு!" என்று கேட்கட்டும். தனித்தனியாகக் கேட்டபோது காதில் விழாத கேள்வி, சேர்ந்து கேட்டால் கோட்டை வரை கேட்கும்.